இலையுதிர்காலப் பெருவிலங்கு வேட்டைக்கு ரைஃபிள் தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது எப்படி

ராக்கி மலைச்சரிவுகளில் ஆஸ்பென் இலைகள் மஞ்சளாகத் தொடங்கும் செப்டம்பரிலிருந்து நவம்பர் இறுதிவரை, அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் பெருவிலங்கு வேட்டைப் பருவம் நடக்கிறது. அதற்கு முதன்முறையாகத் தயாராகும் ஒருவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் 'எந்தத் தோட்டா நல்லது?' என்பதுதான். நியாயமான கேள்விதான் என்றாலும், எந்த விலங்கு, எப்படிப்பட்ட நிலம், எவ்வளவு தூரம் என்ற மூன்றும் தெரியாமல் அதற்கு விடை சொல்ல முடியாது. இந்த மூன்றும் தெரிந்தபின் குண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குண்டை உரிய வேகத்தில் எய்யக்கூடிய தோட்டா அடுத்து வரும். துப்பாக்கி கடைசியில் வரும். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, கண்ணைக் கவர்ந்த பெரிய மேக்னம் (வெடிமருந்து மிகுந்த, அதிவேகத் தோட்டா வகை) துப்பாக்கியிலிருந்து தொடங்குபவர்கள், சுட்டதும் அது தோளில் பின்னோக்கி இடிக்கும் உதைக்கு அஞ்சி விசையைப் பறித்து இழுக்கப் பழகிவிடுகிறார்கள். அதன் விலையைக் கொடுப்பது, வயிற்றில் குண்டு வாங்கி அடர்ந்த காட்டுக்குள் மறைந்துபோகும் விலங்கு. அதனால், ஒருவர் அஞ்சாமல், அடிக்கடி, துல்லியமாகச் சுடக்கூடிய தோட்டாவே அவருக்குச் சிறந்த தோட்டா என்ற நிலைப்பாட்டிலிருந்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

தோட்டாவின் அமைப்பு

பித்தளைக் கூடு, அதன் அடியில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு ஆகிய நான்கும் சேர்ந்ததே தோட்டா. அதன் பெயரில் உள்ள எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. .30-30 வின்செஸ்டர், .308 வின்செஸ்டர், .30-06 ஸ்பிரிங்ஃபீல்ட், .300 வின்செஸ்டர் மேக்னம் ஆகிய நான்கும் 0.308 அங்குல விட்டமுள்ள குண்டையே எய்கின்றன. ஆனால் அவற்றின் கூடுகள் வெவ்வேறு அளவுடையவை; ஒன்றுக்கான அறையில் இன்னொன்றைப் போடவே கூடாது. .270 வின்செஸ்டரின் குண்டோ 0.277 அங்குலம். துப்பாக்கிக் குழலில் பொறித்திருக்கும் பெயரும் தோட்டாவின் அடிப்பக்கத்தில் பொறித்திருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். தவறான தோட்டா சில வேளைகளில் அறைக்குள் எளிதாக நுழைந்துவிடும், வெடிக்கவும் செய்யும், அப்போது துப்பாக்கி சிதறிச் சுடுபவரின் முகத்தையும் கையையும் குலைத்துவிடலாம். இரண்டு வகைத் துப்பாக்கிகள் உள்ள கூடாரத்தில் தோட்டாப் பெட்டிகளை ஒரே பையில் வைக்காதீர்கள்.

சட்டம் என்ன கேட்கிறது

தோட்டா வாங்கும் முன் மாநிலத்தின் அந்த ஆண்டு விதிப் புத்தகத்தைப் படிக்க வேண்டும். ஒரு மாநிலத்தில் சரியான தோட்டா பக்கத்து மாநிலத்தில் சட்டவிரோதமாக இருக்கலாம். கொலராடோவில் பெருவிலங்கு வேட்டைக்கான ரைஃபிள் குறைந்தது .24 காலிபர் (0.24 அங்குலக் குழல் விட்டம்) உடையதாக இருக்க வேண்டும். குண்டு, பட்டதும் முனை விரிந்து மலரும் வகையாக இருப்பதோடு, மானுக்கும் பிராங்ஹார்னுக்கும் (மான் போன்ற புல்வெளி விலங்கு) கரடிக்கும் குறைந்தது 70 கிரெய்னும் (ஒரு கிராமுக்குச் சுமார் 15 கிரெய்ன்), எல்க், மூஸ் என்ற பெரிய மானினங்களுக்குக் குறைந்தது 85 கிரெய்னும் எடையிருக்க வேண்டும். 100 கெஜத்தில் 1,000 அடி-பவுண்டு (குண்டின் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றலையும் அது தக்கவைத்திருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயம் கலந்த குண்டுக்கு அனுமதியில்லை. ஓஹையோவில் மான் வேட்டைக்கு ரைஃபிள் எடுத்துச் செல்வதானால் கூட்டின் சுவர் நேராக இருக்கும் தோட்டாவே செல்லும், கழுத்துச் சுருங்கிய.30-06-ஐ அங்கே பயன்படுத்த முடியாது. 2019இல் வந்த .350 லெஜெண்ட் இப்படிப்பட்ட விதிகளை மனத்தில் வைத்து உருவானதுதான்.

உரிமத்துக்கான ஏற்பாடும் இலையுதிர்காலத்துக்கு வெகு முன்பே தொடங்குகிறது. கொலராடோவின் பெருவிலங்கு உரிமக் குலுக்கலுக்கு ஏப்ரல் தொடக்கத்திலேயே விண்ணப்பக் காலம் முடிந்துவிடும். 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள் அங்கே உரிமம் வாங்க வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். ரைஃபிள் பருவத்தில், இடுப்புக்கு மேலே குறைந்தது 500 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு நிறமும், எல்லாத் திசைகளிலிருந்தும் தெரியும் அதே நிறத் தொப்பியும் கட்டாயம். மான்களின் கண்ணுக்கு ஆரஞ்சு நிறம் மனிதக் கண்ணுக்குத் தெரிவதுபோல் பளிச்சென்று தெரிவதில்லை என்பதால், இதை அணிந்தால் வேட்டை கெடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை.

விலங்கும் நிலமும் தூரமும்

பிராங்ஹார்ன் ஏறத்தாழ 100 பவுண்டு எடையுள்ள, வயோமிங்கின் திறந்த புல்வெளிகளில் வாழும் விலங்கு. அதன் உடலுக்குக் கனமான குண்டு தேவையில்லை. ஆனால் ஒளிந்து நெருங்கப் புதர்கூட இல்லாத நிலத்தில் 250, 300 கெஜத்துச் சூடுகள் வழக்கமாகிவிடுகின்றன. மியூல் மான் பாறைப் பள்ளங்களும் ஜூனிபர் புதர்களும் கலந்த நிலத்தை விரும்புகிறது. வெள்ளைவால் மானைக் கிழக்கு மாநிலங்களின் இலையுதிர்க் காடுகளில் 100 கெஜத்துக்குள்ளேயே சந்திப்பதுதான் வழக்கம். ஆண் எல்க் 700 பவுண்டு எடையுள்ள, தடித்த தோள் எலும்பும் வியப்பூட்டும் உயிர்ப்பிடிப்பும் கொண்ட விலங்கு. நுரையீரலில் சரியாகக் குண்டு வாங்கிய எல்க்கும் விழுவதற்கு முன் நூறு கெஜம் நடந்துபோவது உண்டு. தவறாக வாங்கியதோ இரண்டு மலைமுகடுகளைக் கடந்துவிடும்.

பருவம் நகர நகர இந்த விலங்குகளின் நடத்தையும் மாறுகிறது. செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கம்வரை எல்க்குகளின் இணைசேர் காலம். அப்போது ஆண்கள் ஓலமிட்டுத் தம் இருப்பைத் தாமே காட்டிக்கொடுக்கும். அக்டோபர் நடுவில் பொதுவான ரைஃபிள் பருவம் தொடங்கும்போது அவை களைத்து, தனித்து, வெளிச்சம் புகாத ஃபர் மரக்காடுகளுக்குள் ஒதுங்கிவிடும். அங்கே சூடு 60 கெஜத்திலும் நேரலாம், எதிர்ச்சரிவில் 350 கெஜத்திலும் நேரலாம். நவம்பரில் பனி ஆழமானதும் மந்தைகள் கீழே இறங்கிவரும். மியூல் மானின் இணைசேர் காலமும் நவம்பர் நடுவில்தான் உச்சத்துக்கு வருகிறது. ஆகையால் எந்த வாரத்தில் எந்த உயரத்தில் வேட்டையாடப்போகிறோம் என்பது தோட்டாவின் தேர்வையும் பாதிக்கிறது.

என் விருப்பத்துக்குரிய தோட்டாக்கள்

எல்லா விலங்குக்கும் ஒரே துப்பாக்கி என்றால் என் விடை .30-06 ஸ்பிரிங்ஃபீல்ட். 1906இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட இந்தத் தோட்டா ஒரு நூற்றாண்டைக் கடந்தும் வேட்டைக்காரர்களிடம் நிலைத்திருப்பதற்குப் பழைமைப் பற்று மட்டும் காரணமல்ல. 150 கிரெய்ன் முதல் 220 கிரெய்ன் வரையான குண்டுகளை இது சுமக்கும். 180 கிரெய்ன் குண்டு குழலிலிருந்து விநாடிக்கு ஏறத்தாழ 2,700 அடி வேகத்தில், 2,900 அடி-பவுண்டு ஆற்றலோடு வெளியேறுகிறது. 300 கெஜத்தில்கூட விநாடிக்கு 2,150 அடி அளவுக்கு வேகம் மிஞ்சியிருக்கிறது. எல்க்குக்கு இது போதும். மலையடிவாரத்துச் சிற்றூர்க் கடையிலும் இந்தத் தோட்டா கிடைக்கும் என்பது, பயணத்தில் தோட்டாப் பெட்டி தொலைந்துபோனவருக்குத்தான் முழுமையாகப் புரியும்.

மானும் பிராங்ஹார்னும்தான் முதன்மை இலக்கு என்றால் .270 வின்செஸ்டரை எடுப்பேன். 1925இல் வின்செஸ்டர் நிறுவனம் தன் 54ஆம் மாடல் ரைஃபிளோடு வெளியிட்ட இது, .30-06 குடும்பக் கூட்டின் கழுத்தைச் சுருக்கி உருவாக்கப்பட்டது. 130 கிரெய்ன் குண்டை விநாடிக்கு ஏறத்தாழ 3,060 அடி வேகத்தில் செலுத்துவதால் தட்டையான பாதையில் பறக்கிறது, உதையோ.30-06-ஐவிடக் கண்கூடாகக் குறைவு. உறுதியான 140 அல்லது 150 கிரெய்ன் குண்டோடு எல்க்கையும் இது நன்றாகவே வீழ்த்தும். திறந்த மலைச்சரிவில் இதைவிட மனத்துக்கு இசைந்த தோட்டாவை நான் அறியேன்.

1952இல் வந்த .308 வின்செஸ்டர், .30-06 செய்வதை விநாடிக்குச் சுமார் 100 அடி குறைவான வேகத்தில், அதைவிடக் குட்டையான கூட்டிலிருந்து செய்கிறது. குட்டையான கூட்டுக்குக் குட்டையான போல்ட் (தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பூட்டும் தண்டு) போதும் என்பதால் துப்பாக்கியின் எடையும் சற்றுக் குறையும். அதே கூட்டிலிருந்து பிறந்தவைதாம் 1955இன் .243 வின்செஸ்டரும் 1980இன் 7 மி.மீ.-08 ரெமிங்டனும். இவற்றில் 7 மி.மீ.-08 பெற வேண்டிய புகழைப் பெறாத தோட்டா என்பது என் உறுதியான எண்ணம். 140 கிரெய்ன் குண்டு, விநாடிக்கு 2,860 அடி வேகம், தோளை வருத்தாத உதை: முதன்முறையாகத் துப்பாக்கி வாங்குபவர் மெலிந்த உடல்வாகு உள்ளவராக இருந்தால் தயங்காமல் இதையே பரிந்துரைப்பேன். .243 மானுக்கு மிக நல்லது. 100 கிரெய்ன் குண்டோடு அது கொலராடோவின் எல்க் விதியையும் நிறைவுசெய்கிறது. ஆனால் சட்டம் அனுமதிப்பதும் விலங்குக்கு நியாயமானதும் எப்போதும் ஒன்றல்ல. தோள் எலும்பின் மீது சாய்வாகப் பட்டால் எல்க்கின் மார்புக்குள் ஆழமாகச் செல்ல அந்த மெல்லிய குண்டில் போதிய எடை இல்லை.

2007இல் ஹார்னடி நிறுவனம் இலக்குப் போட்டிகளுக்காக உருவாக்கிய 6.5 கிரீட்மூர் இன்று வேட்டையிலும் பெரும் இடம் பிடித்திருக்கிறது. அதன் நீண்ட, ஒல்லியான குண்டு காற்றை எளிதாகக் கிழித்துச் செல்கிறது, உதை இதமானது, துல்லியம் சிறப்பானது. மானுக்கும் பிராங்ஹார்னுக்கும் அருமையான தோட்டா. எல்க்குக்கு எடுத்துச்செல்பவர் 300 கெஜத்துக்குள் நின்றுகொள்வது நல்லது.

.30-30 வின்செஸ்டர் 1895இல் புகையில்லா வெடிமருந்தோடு விற்பனைக்கு வந்தது. லீவர் இழுத்துச் சுடும் இலகுவான துப்பாக்கிக்கும் அடர்ந்த காட்டுக்கும் இன்னமும் இதற்கு இணை குறைவு. 170 கிரெய்ன் குண்டு, விநாடிக்கு 2,200 அடி வேகம், 150 கெஜம் வரை மான்: இதுதான் அதன் எல்லை. குழல் வடிவ மேகசினில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருப்பதால், பின்னால் உள்ள தோட்டாவின் முனை முன்னால் உள்ளதன் பிரைமரைத் தொட்டுக்கொண்டிருக்கும். கூர்மையான கடினமுனைக் குண்டைப் போட்டால் உதையின் அதிர்விலேயே முன்னால் உள்ள தோட்டா வெடிக்கக்கூடும். எனவே தட்டை முனையோ, மேகசினுக்கென்றே செய்த மென்மையான நெகிழ்முனையோ உள்ள தோட்டாக்களை மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம் 1962இலும் .300 வின்செஸ்டர் மேக்னம் 1963இலும் வந்தன. பின்னது 180 கிரெய்ன் குண்டை விநாடிக்கு 2,960 அடி வேகத்தில் எய்து, 3,500 அடி-பவுண்டு ஆற்றலைத் தருகிறது. எல்க், மூஸ், நீண்ட பள்ளத்தாக்குகள் ஆகியவற்றுக்கு இவை பொருத்தமானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் 8 பவுண்டு எடையுள்ள ஒரு ரைஃபிளில் .243இன் உதை ஏறத்தாழ 9 அடி-பவுண்டு, .30-06இன் உதை ஏறத்தாழ 20, .300 வின்செஸ்டர் மேக்னத்தினுடையது 25க்கும் மேல். 20ஐத் தாண்டியதும் பெரும்பாலோரின் கண் தம்மையறியாமல் மூடத் தொடங்குகிறது. ஆண்டு முழுவதும் பயிற்சி செய்யும் நேரமும் தோட்டாச் செலவுக்கு மனமும் உள்ளவர் மேக்னத்தைத் தேர்ந்தெடுக்கலாம். பருவம் தொடங்குவதற்கு முந்தைய வாரம் மட்டும் துப்பாக்கியை வெளியில் எடுப்பவருக்கு அது ஏற்றதல்ல.

குண்டே வேலையைச் செய்கிறது

ஒரே தோட்டாவில் வெவ்வேறு குண்டுகள் வெவ்வேறு கருவிகளைப்போல நடந்துகொள்கின்றன. ஈய உள்ளீட்டின் மேல் செம்பு உறை போர்த்திய சாதாரண மென்முனைக் குண்டு விலை குறைந்தது. 1939இலிருந்து சந்தையில் இருக்கும் ரெமிங்டனின் கோர்-லாக்ட் இந்த வகையின் நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. மானுக்கு இதைவிட அதிகம் தேவைப்படுவதே இல்லை என்று சொல்லலாம். சிக்கல் எழுவது, அதிவேகத் தோட்டாவிலிருந்து கிளம்பிய இத்தகைய குண்டு குறைந்த தூரத்தில் பெரிய எலும்பைச் சந்திக்கும்போதுதான். அது மேற்பரப்பிலேயே சிதறி, அகலமான ஆனால் ஆழமற்ற காயத்தை ஏற்படுத்தும், விலங்கு ஓடிவிடும்.

ஜான் நாஸ்லர் என்ற வேட்டைக்காரருக்கு 1946இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் நேர்ந்ததும் இதுவே. சேறு அப்பிய தோலுடைய ஒரு மூஸ், வேகமான குண்டுகளை வாங்கியும் விழாமல் நின்றது. அந்த அனுபவத்திலிருந்து அவர், குண்டின் நடுவே செம்புக் கலவையால் ஒரு தடுப்புச் சுவரை வைத்து, முன்பாதி மலர்ந்தாலும் பின்பாதி கெட்டியாக ஊடுருவிச் செல்லும்படி பார்ட்டிஷன் குண்டை வடிவமைத்து, 1948இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். உறையையும் ஈயத்தையும் பிரியாதபடி இணைத்த பிணைப்புக் குண்டுகள் அதே சிக்கலுக்கு இன்னொரு விடை. 1989இல் பார்ன்ஸ் நிறுவனம் கொண்டுவந்த முழுச்செம்புக் குண்டு மூன்றாவது விடை: ஈயமே இல்லை, முனையிலுள்ள குழி இதழ்களாக விரிகிறது, எடை ஏறத்தாழ முழுவதும் மிஞ்சுகிறது.

எல்க்குக்கு முழுச்செம்பு அல்லது பார்ட்டிஷன் வகைதான் என் தேர்வு. செம்புக்கு இன்னொரு வலுவான காரணமும் உண்டு. வேகமாகப் பாயும் ஈயக் குண்டு உடலுக்குள் நுண்ணிய துகள்களாகச் சிதறி, காயத்திலிருந்து வெகுதொலைவு வரை இறைச்சியில் கலக்கிறது. காட்டில் விட்டுவரும் குடல் குவியலைத் தின்னும் கழுகுகளும் கலிஃபோர்னியாவின் காண்டோர் பிணந்தின்னிகளும் அந்த ஈயத்தால் நஞ்சேறி மடிகின்றன. உண்பதற்காகவே வேட்டையாடுபவர் தம் வீட்டுக் குழந்தைகளின் தட்டில் அத்துகள்கள் விழாமல் பார்த்துக்கொள்வது கடமை.

செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. ஆகவே ஒரே எடையில் செம்புக் குண்டு நீளமாக இருக்கும். வழக்கமாக எடுக்கும் எடைக்கு ஒரு படி கீழே இறங்குவது நல்லது; .30-06இல் 180க்குப் பதில் 165 அல்லது 168 கிரெய்ன் போதும். இது மலர்வதற்கு வேகமும் வேண்டும். பட்டுக்கொள்ளும் கணத்தில் விநாடிக்கு 1,800 முதல் 2,000 அடி வேகம் இருந்தால்தான் பெரும்பாலான வேட்டைக் குண்டுகள் ஒழுங்காக மலர்கின்றன. அதற்குக் கீழே போனால் ஊசிபோல் துளைத்து வெளியேறிவிடும். ஆகையால் ஒரு தோட்டாவின் உண்மையான தூர எல்லையைக் கண்டுபிடிக்க, ஆற்றல் அட்டவணையைவிடப் பெட்டியின் மேலுள்ள வேக அட்டவணையைப் படிப்பதே பயனுள்ளது. எந்தத் தூரத்தில் வேகம் 2,000 அடிக்குக் கீழிறங்குகிறதோ அங்கே அந்தத் தோட்டாவின் பயன் முடிந்தது என்று கொள்ளலாம்.

துப்பாக்கியும் குறியும்

ஒரே குண்டின் இரண்டு மூன்று தயாரிப்புகளை வாங்கிச் சுட்டுப் பார்த்து, உங்கள் குழலுக்கு எது இசைகிறது என்று கண்டறியுங்கள். துப்பாக்கிகளுக்கு இந்த விஷயத்தில் தனித்தனிச் சுவை உண்டு. ஒரே மாடலின் இரண்டு துப்பாக்கிகள்கூட வெவ்வேறு தோட்டாக்களை விரும்பலாம். இசைந்தது கிடைத்ததும் ஒரே உற்பத்தித் தொகுதி எண் உள்ள பெட்டிகளைப் பருவத்துக்கும் பயிற்சிக்கும் போதுமான அளவு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

.270, .30-06 போன்ற தோட்டாக்களுக்கு 200 கெஜத்தில் குறி பொருந்துமாறு ஸ்கோப்பை (துப்பாக்கி மேல் பொருத்தும் குறிநோக்கி) சரிசெய்வது என் வழக்கம். அப்படிச் செய்தால் .30-06இன் 180 கிரெய்ன் குண்டு 100 கெஜத்தில் இரண்டு அங்குலம் மேலேயும், 300 கெஜத்தில் சுமார் 8 அங்குலம் கீழேயும், 400 கெஜத்தில் இரண்டடி அளவுக்குக் கீழேயும் படும். மானின் இதய-நுரையீரல் பகுதியின் குறுக்களவு 8 முதல் 10 அங்குலம் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 250 கெஜம் வரை நேராக மார்பின் நடுவில் குறிவைத்தால் போதும் என்பதும், 400 கெஜம் என்பது வேறொரு கலை என்பதும் விளங்கும். காற்று இதைவிடக் கடினமான பாடம். மணிக்கு 10 மைல் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று 300 கெஜத்தில் அதே குண்டை ஆறு அங்குலத்துக்கு மேல் தள்ளிவிடும். பள்ளத்தாக்கின் நடுவில் காற்று எப்படி வீசுகிறது என்பது நாம் நிற்கும் இடத்தில் தெரிவதுமில்லை. செங்குத்தான சரிவில் மேலோ கீழோ சுடும்போது, பார்வைக் கோட்டின் தூரத்தை விடுத்துக் கிடைமட்டத் தூரத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும்; இல்லையேல் குண்டு குறிக்கு மேலே படும். சாய்வைக் கணித்துச் சொல்லும் தூரமானி இதற்கு உதவும்.

மேசையில் மணல்பையின் மேல் துப்பாக்கியை வைத்துச் சுடுவது ஸ்கோப்பைச் சரிசெய்ய மட்டுமே. அது முடிந்ததும் மேசையை விட்டு எழுந்துவிட வேண்டும். முதுகுப்பையின் மேல் சாய்ந்து படுத்தும், கவைக்கோலை ஊன்றி உட்கார்ந்தும், மரத்தில் சாய்ந்து நின்றும் சுடப் பழகுங்கள். சிறிது தூரம் ஓடிவந்து மூச்சு வாங்கும்போதே சுட்டுப் பாருங்கள். 10,000 அடி உயரத்தில் நெஞ்சு படும் பாடு அதுதான். ஐந்து சூட்டில் ஐந்தையும் எட்டங்குல வட்டத்துக்குள் போட முடிகிற மிகப்பெரிய தூரம் எதுவோ, அதுதான் உங்கள் எல்லை. தோட்டாவின் எல்லை அதைவிடப் பெரிதாக இருந்தாலும் அது உங்களுக்கு உதவாது. முதல் சூடு குளிர்ந்த குழலிலிருந்தே கிளம்பும் என்பதால், குளிர்ந்த குழலின் முதல் குண்டு எங்கே படுகிறது என்று தனியாகக் குறித்து வையுங்கள்.

கடுங்குளிரில் எண்ணெய் இறுகிப் போல்ட் மந்தமாகும். பருவத்துக்கு முன் எண்ணெயைத் துடைத்து மிக மெல்லிய படலம் மட்டும் விடுங்கள். இரவில் துப்பாக்கியைச் சூடான கூடாரத்துக்குள் கொண்டுவந்தால் ஸ்கோப்பிலும் குழலிலும் ஈரம் படியும்; காலையில் அது உறைந்துவிடும். தோட்டாக்களை எடுத்துவிட்டு, வெளியில் பூட்டிய உறையிலேயே விட்டுவைப்பது மேல்.

மலையில்

காற்றை அறியாதவருக்கு எந்தத் தோட்டாவும் பயன்படாது. விடியலில் குளிர்ந்த காற்று சரிவில் கீழ்நோக்கி வழிகிறது. வெயில் ஏறியதும் அது மேல்நோக்கித் திரும்புகிறது. மாலையில் மறுபடி கீழிறங்குகிறது. ஆகவே காலையில் கீழிருந்து நெருங்கியவர் பத்து மணி வாக்கில், காற்று திரும்புவதற்குள், பக்கவாட்டில் விலகியோ மேலே ஏறியோ விட வேண்டும். எல்க்கின் மூக்கு ஒருமுறை மனித வாடையைப் பிடித்துவிட்டால் அந்தப் பள்ளத்தாக்கே காலியாகிவிடும். இருட்டிலேயே பார்வைமேட்டுக்குச் சென்று அமர்ந்து, முதல் ஒளியில் இருகண் தொலைநோக்கியால் காட்டின் விளிம்புகளை அங்குலம் அங்குலமாகப் பார்ப்பது, நாள் முழுவதும் நடப்பதைவிடப் பலன் தரும். முழு விலங்கைத் தேடாமல், காதையும் கொம்பு நுனியையும் மரங்களுக்கு நடுவே கிடைமட்டமாக ஓடும் முதுகுக் கோட்டையும் தேட வேண்டும். ஸ்கோப்பை ஒருபோதும் தேடும் கருவியாகப் பயன்படுத்தக் கூடாது. அதில் தெரிவது இன்னொரு வேட்டைக்காரராக இருக்கலாம்.

சுடும் கணம்

விலங்கு முழுப் பக்கவாட்டில் நிற்கும்போது, முன்னங்காலின் பின்விளிம்பையொட்டி மேலே சென்று, உடலின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் குறிவையுங்கள். சற்று விலகிச் செல்லும் சாய்வில் நின்றால், எதிர்ப்பக்கத்து முன்னங்காலை மனக்கண்ணில் கண்டு, குண்டு அங்கே வெளியேறும்படி குறிவைக்க வேண்டும். அப்போது நுழையுமிடம் விலாவில் பின்தள்ளி அமையும். நேர் பின்புறமோ, ஓடும்போதோ, உடலின் பாதி கிளைகளில் மறைந்திருக்கும்போதோ சுடாதீர்கள். விலங்குக்குப் பின்னால் மண்மேடு இல்லாமல் வானம் தெரிந்தால் எவ்வளவு பெரிய கொம்பாக இருந்தாலும் விட்டுவிட வேண்டும். ரைஃபிள் குண்டு மைல்கணக்கில் செல்லும்.

விசையை அழுத்தியதும் உடனே அடுத்த தோட்டாவை அறைக்குள் ஏற்றி, ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் விலங்கைப் பின்தொடருங்கள். நின்றுகொண்டிருந்தால் மறுபடி சுட வேண்டும். எல்க் விஷயத்தில் 'நன்றாகப் பட்டது' என்ற நம்பிக்கையில் காத்திருப்பது தவறு. அது மறைந்துவிட்டால், கடைசியாக நின்ற இடத்துக்கு அருகிலுள்ள பாறையையோ மரத்தையோ அடையாளம் வைத்துக்கொண்டு, அரைமணி நேரம் அமைதியாக உட்காருங்கள். பிறகு சென்று பார்க்கும்போது இளஞ்சிவப்பில் நுரைத்த இரத்தம் இருந்தால் நுரையீரலில் பட்டிருக்கிறது. விலங்கு அருகிலேயே கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் பெரும்பாலும் கல்லீரல். சில மணி நேரம் பொறுக்க வேண்டும். பச்சை கலந்து, தின்ற புல்லின் துணுக்குகள் தெரிந்தால் வயிற்றில் பட்டிருக்கிறது. உடனே துரத்தினால் அது மைல்கணக்கில் ஓடும், விட்டுவைத்தால் படுத்துக்கொள்ளும். இதற்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும். பனியோ மழையோ தடத்தை அழிக்கப்போகிறது என்றால் மட்டும் காத்திருப்பைக் குறைக்கலாம். இரத்தமே தென்படவில்லை என்றாலும் தேடாமல் திரும்பக் கூடாது. கொழுப்பு அடைத்துக்கொண்டால் வெளியில் ஒரு துளிகூட விழாது.

இறைச்சி

உரிமச் சீட்டைச் சட்டப்படி நிரப்பியபின் முதல் வேலை உடலைக் குளிர்விப்பது. அக்டோபர் நண்பகல் வெயிலும் எல்க்கின் தடித்த தோலும் சேர்ந்தால் தொடை எலும்பையொட்டிய இறைச்சி சில மணி நேரத்திலேயே கெடத் தொடங்கும். தோலை உரித்து, கால்களைத் தனித்தனியாகப் பிரித்து, காற்றுப் புகும் துணிப்பைகளில் இட்டு நிழலில் தொங்கவிட வேண்டும். விலங்கின் பாலினத்தைக் காட்டும் உறுப்பை விதிப்படி இறைச்சியோடு இணைத்தே விட வேண்டும். ஒரு பெரிய ஆண் எல்க்கின் எலும்பு நீக்கிய இறைச்சி 200 பவுண்டு வரை வரும் என்பதால், வண்டிச்சாலையிலிருந்து ஐந்து மைல் தள்ளிச் சுடும் முன் எத்தனை முதுகுகள் சுமக்க இருக்கின்றன என்று எண்ணிக்கொள்ளுங்கள். மொண்டானாவிலும் வயோமிங்கிலும் கிரிஸ்லி கரடிகள் உள்ள இடங்களில் இறைச்சியைக் குடல் குவியலிலிருந்து விலக்கி, தொலைவிலிருந்தே பார்க்கக்கூடிய இடத்தில் தொங்கவிட்டு, மறுநாள் கரடித் தெளிப்பானைக் கையில் வைத்துக்கொண்டு சத்தமெழுப்பியபடி அணுக வேண்டும்.

மானினத்தைத் தாக்கும் நாட்பட்ட மெலிவு நோய் 1967இல் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸில் அடைத்து வளர்த்த மான்களிடம் முதலில் காணப்பட்டது. இன்று அது பல மாநிலங்களுக்குப் பரவியிருக்கிறது. அந்த நோய்க்குக் காரணமான பிரியான் புரதம் சமைப்பதால் அழிவதில்லை. நோய் உள்ளதாக உறுதியான விலங்கின் இறைச்சியை உண்ண வேண்டாம் என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் அறிவுறுத்துகிறது. ஆகவே நோய் பரவிய பகுதியில் வேட்டையாடினால் தலையையோ, கழுத்து நிணநீர் முடிச்சுகளையோ மாநில வனவிலங்குத் துறையின் சோதனை மையத்தில் ஒப்படையுங்கள். மூளையையும் தண்டுவடத்தையும் வெட்டும் கத்தியைத் தனியாக வையுங்கள். மாநில எல்லையைத் தாண்டி அவற்றைக் கொண்டுசெல்லப் பல மாநிலங்களில் தடையும் உண்டு. இறைச்சியைப் பொதிகளாக்கும்போது ஒவ்வொன்றிலும் விலங்கின் சோதனை எண்ணை எழுதி, நண்பர்களின் வேட்டையோடு கலக்காமல், முடிவு வரும்வரை உறைபெட்டியில் தனியாக வைத்திருக்க வேண்டும்.